இனந்தோறும் முதன்மை: முத்துச் சல்லடையும் ஊராட்சிப் பதிவேடும்

தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துச் சலாபம் நடைபெற்ற காலங்களில், சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி எடுத்த முத்துக்களுக்கு வணிகர்கள் உடனே விலை கூறிவிடுவதில்லை. முதற்கண் அவற்றைத் துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் இட்டுச் சலிப்பர். அத்தட்டுகள் பத்து. 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்னும் எண்களால் அவை வழங்கப் பெற்றன. எண் சிறிதாயின் துளை பெரிது. இருபதாம் தட்டில் தங்குவன பெருமுத்துக்கள். ஆயிரத்தில் தங்குவன சிறுமணிகள். இவ்வாறு பருமனால் பிரித்த பின்னரே, ஒவ்வொரு தட்டிலும் தங்கியவற்றைத் தனித்தனியே பரப்பி, உருட்சியும் ஒளியும் நோக்கித் தரம் பிரிப்பர். இரண்டும் குறைவற நிரம்பியது ஆணி எனப்பட்டது. 1961-ஆம் ஆண்டுக்குப் பின்னர்த் தூத்துக்குடியில் அத்தகைய சலாபம் நடைபெறவில்லை. எனினும், அவ்வணிகர்கள் கையாண்ட முறையை இன்று ஊராட்சிக் கணக்குகளைக் கணினியில் வைத்துப் பார்ப்போர் அறிந்திருத்தல் மிகவும் பயனுடையது எனக் கருதுகிறோம்.

அவர்கள் ஏன் முதலிலேயே நல்லவற்றைப் பொறுக்கி எடுக்கவில்லை? எல்லா முத்துக்களையும் ஒரே குவியலாகக் கொட்டிப் பெரியவற்றை மட்டும் எடுத்தால், கோணலும் மங்கலுமான பெருமுத்து முன்னே வந்துவிடும். நூறாம் தட்டிற்குரிய அருமையான ஆணிமுத்து கடைசிவரை கைக்கு வாராது. மாலை கோப்பவருக்கோ ஒரே பருமனுள்ள முத்துக்கள் வேண்டும். ஆகவே, முதலில் இனம் பிரித்தல், பின்பு அந்தந்த இனத்திற்குள் முதன்மையைக் காணுதல் என்னும் இரண்டு வேலைகளையும் அவர்கள் ஒன்றோடொன்று கலக்கவில்லை.

இதே உண்மை வயலிலும் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தில் திருவைகுண்டம் அணைக்கட்டின் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளைகின்றன. கோவில்பட்டி, விளாத்திகுளம் பகுதிகளின் கரிசல் நிலத்தில் மழையை நம்பிக் கம்பும் சோளமும் உளுந்தும் பயிராகின்றன. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கங்களில் செம்மணல் தேரி. இம்மூன்றையும் ஒரே பட்டியலில் அடுக்கி, ஏக்கருக்கு மிகுந்த வருவாய் கண்ட பத்து விவசாயிகளைத் தெரிந்தெடுத்தால், அப்பத்துப் பேரும் ஆற்றுப் பாசனத்தைச் சேர்ந்தவர்களாகவே இருக்கக்கூடும். கரிசல்காட்டு விவசாயி தம் மண்ணில் திறமையாகப் பயிரிட்டவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிரம்ப உண்டு. அத்தகையவரின் பெயர் அப்பட்டியலில் ஏறாது.

ஒரே வயலுக்குள்ளும் இவ்வேறுபாடு இருப்பதை விவசாயிகள் நன்கறிவர். எருக்குழி இருந்த மூலையில் கதிர் பருத்திருக்கும். அது விதையின் குணமன்று, மண்ணின் குணம். அமெரிக்காவின் நெபிராஸ்காவில் மக்காச்சோளத்தில் ஆராய்ச்சி செய்த கார்ட்னர் என்பவர் 1961-இல் வெளியிட்ட முறை இதற்கு நேரிய விடையாக அமைந்தது. வயலைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் சிறந்த செடிகளை மட்டும் விதைக்கெனத் தெரிந்தெடுத்தார். வளமான மூலையிலிருந்தே எல்லா விதையும் வந்துசேரும் குறை இதனால் நீங்கியது. முத்து வணிகரின் தட்டும் கார்ட்னரின் கட்டமும் செய்யும் தொழில் ஒன்றே.

இனி ஊராட்சிக்கு வருவோம். சலாபக் காலத்தில் அரசுக்குரிய சிப்பிகள் ஆயிரம் என்ற கணக்கில் பிரித்து ஏலம் விடப்பட்டன. ஊராட்சிகளிலும் புளியமர மகசூல், குளத்து மீன், சந்தைக் கட்டணம் ஆகியன குத்தகைக்கு ஏலம் விடப்படுவதை யாவரும் அறிவோம். மூடிய உறைகளில் விலைப்புள்ளி பெற்று ஒரு பதிவேட்டில் எழுதியிருப்பதாகக் கொள்வோம். பதிவேட்டில் மூன்று பத்திகள்: இனம், கேட்டவர், தொகை. புளியமரத்திற்கு வடக்குத் தெருக்காரர் 4,000 ரூபாயும், தெற்குத் தெருக்காரர் 5,200 ரூபாயும், மேலத் தெருக்காரர் 4,800 ரூபாயும் கேட்டுள்ளனர். குளத்து மீனுக்கு மேலத் தெருக்காரரும் வடக்குத் தெருக்காரரும் தலைக்கு 9,000 ரூபாயும், கீழத் தெருக்காரர் 5,200 ரூபாயும் கேட்டுள்ளனர். சந்தைக்கு ஒருவரே 3,000 ரூபாய் கேட்டுள்ளார். ஒவ்வோர் இனத்திற்கும் மிகுந்த தொகை கேட்டவர் யார் என்பதே நாம் அறிய வேண்டுவது.

பதிவேடு ஏழு பதிவுகளோடு முடியுமானால் கண்ணால் பார்த்தே கூறிவிடலாம். ஓர் ஒன்றியத்தின் பதிவுகள் எல்லாம் தரவுத்தளம் எனப்படும் கணினிப் பதிவேட்டில் சேரும்போது, எஸ்.க்யூ.எல். என்னும் வினவு மொழியில் கேட்டுத்தான் விடை பெற வேண்டும். பத்திகளும் பதிவுகளுமாகத் தரவை அடுக்கும் இம்முறையைக் காட் என்னும் அறிஞர் 1970-இல் வகுத்தார். வினவு மொழி 1974-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவாயிற்று. ஊராட்சி உறுப்பினர்கள் இம்மொழியைக் கற்க வேண்டுவதில்லை. ஆனால், கணினி தரும் பட்டியல் எவ்விடத்தில் தவறக்கூடும் என்பதை அறிந்திருத்தல் இன்றியமையாதது. ஏனெனில் அப்பட்டியலின் கீழ்க் கையொப்பமிடுபவர் கணினியன்று.

தொகையை இறங்குமுகமாக அடுக்கி முதல் மூன்றை எடுப்பது, எவருக்கும் முதலில் தோன்றும் வழி. மேற்கண்ட பதிவேட்டில் அவ்வாறு செய்தால் முதல் இரண்டும் மீன் குத்தகையே. மூன்றாமிடத்தில் 5,200 இரண்டு நிற்கும். சந்தை அடியோடு மறைந்துபோகும். இது முத்துக்களைச் சலிக்காமல் பொறுக்குவதை ஒக்கும்.

அடுத்த வழி, இனவாரியாகத் தொகுத்து ஒவ்வொன்றிலும் பெருந்தொகையைக் கேட்பது. வினவு மொழியில் இதற்குக் ‘குரூப் பை’, ‘மேக்ஸ்’ என்னும் சொற்கள் உள்ளன. புளியமரம் 5,200, மீன் 9,000, சந்தை 3,000 எனச் சரியான விடையே கிடைக்கும். ஆனால் பெயர் வாராது. பெயரையும் சேர்த்துக் கேட்டால் என்ன நேரும்? இங்குத்தான் பெரிய இடர் உள்ளது. போஸ்ட்கிரெஸ் போன்ற மென்பொருள் இக்கேள்வியை ஏற்க மறுத்துவிடும். மை.எஸ்.க்யூ.எல். என்னும் மென்பொருளோ, 2015-இல் 5.7 பதிப்பு வெளிவரும் வரையில், தனியே தடுத்து வைத்தாலன்றி, அந்த இனத்தின் ஏதேனும் ஒரு பதிவிலிருந்து ஒரு பெயரை எடுத்துத் தொகையின் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்துவிடும். புளியமரம், வடக்குத் தெருக்காரர், 5,200 என்று அச்சாகி வரக்கூடும். தொகை மெய், பெயரும் பதிவேட்டில் உள்ள பெயரே, இரண்டும் ஒரே பதிவைச் சேர்ந்தவை அல்ல. 4,000 கேட்டவர் 5,200 கட்டும்படி அழைக்கப்படுவார்; 5,200 கேட்டவர் தமக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து கேட்பார். மறுக்கும் மென்பொருளையே நாம் நல்ல மென்பொருள் என்போம்.

இதனைச் சரிசெய்ய, முதலில் இனவாரிப் பெருந்தொகைகளைக் கண்டு, பின்னர் அத்தொகையைக் கொண்டு மூலப் பதிவேட்டில் பெயரைத் தேடுவர். பழைய முறைதான், இன்றும் பிழையற்றது. ஆயினும் இனம், தொகை ஆகிய இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். தொகையை மட்டும் வைத்துத் தேடினால், புளியமரத்தின் 5,200-ஐத் தேடப்போய், மீனுக்கு 5,200 கேட்டுத் தோற்ற கீழத் தெருக்காரரும் வென்றவராக வந்து நிற்பார்.

நாம் பெரிதும் விரும்புவது மூன்றாம் வழி. அது முத்துத் தட்டின் வழியே. ஒவ்வோர் இனத்தின் பதிவுகளையும் தனியே பிரித்து, அதற்குள் பெருந்தொகை முதலாக 1, 2, 3 என வரிசை எண் இடுமாறு கணினியைப் பணிப்பது. ‘பார்ட்டிஷன் பை’ என்பது தட்டுகளாகப் பிரிக்கும் சொல். ‘ஆர்டர் பை’ என்பது தட்டுக்குள் அடுக்கும் சொல். பின்பு எண் 1 பெற்ற பதிவுகளை மட்டும் கேட்டால், பெயரும் தொகையும் ஒரே பதிவாக, பிரியாமல் வரும். ஒவ்வொரு குக்கிராமத்திலும் முதல் மூன்று பேர் வேண்டுமானால், எண் மூன்றுக்கு மேற்படாதவற்றைக் கேட்டால் போதும். 2003-ஆம் ஆண்டின் உலகத் தரப்பதிப்பிலேயே இவ்வசதி இடம்பெற்றது, எனினும் மை.எஸ்.க்யூ.எல். மென்பொருளுக்கு இது 2018-இல்தான் வந்தது. பழைய பதிப்பை வைத்திருக்கும் அலுவலகங்கள் இரண்டாம் வழியையே கொள்ள வேண்டும்.

சமநிலை வந்தால் என்ன செய்வது? மீன் குத்தகைக்கு இருவர் 9,000 கேட்டுள்ளனர் அல்லவா? வாய்மொழி ஏலத்தில் இத்தொல்லை இல்லை. ஒருவர் கேட்டதற்கு மேல் கேட்டால்தான் அது கேள்வி. மூடிய உறையில் இது நேரும். ‘ரோ நம்பர்’ என்னும் சொல்லால் எண்ணிட்டால், கணினி ஒருவருக்கு 1, மற்றவருக்கு 2 என்று தன்போக்கில் கொடுத்துவிடும். நாளை அதே கேள்வியைக் கேட்டால் மாற்றியும் கொடுக்கலாம். ‘ரேங்க்’ என்னும் சொல்லால் எண்ணிட்டால் இருவருக்கும் 1, அடுத்தவருக்கு 3. இதுவே நேர்மையான விடை. இருவரில் ஒருவரைத் தீர்மானிப்பது மன்றத்தின் பொறுப்பு. அதற்குரிய விதியை உறை பிரிக்கும் முன்பே அறிவித்திருக்க வேண்டும். தேர்தலிலும் வார்டுதோறும் மிகுந்த வாக்குப் பெற்றவரே உறுப்பினர் ஆகிறார். அதுவும் இனவாரி முதன்மையே. அங்கு வாக்குகள் சமமானால் திருவுளச்சீட்டு என்று சட்டம் முன்னரே கூறிவிட்டது. எவர் வெல்லுவர் என்று தெரிந்த பின்பு விதி செய்தால் ஊரில் அமைதி இராது.

வீட்டு வரிப் பதிவேட்டிலும் இதே கணக்கு வேறு உருவில் வரும். ஒவ்வொரு வீட்டிற்கும் கடைசியாக வரி செலுத்திய நாள் எது, அன்று செலுத்திய தொகை எவ்வளவு என்று கேட்பதும், நாளை அளவுகோலாகக் கொண்ட முதன்மைக் கேள்வியேயாகும். இங்கும் நாளை ஒரு பதிவிலிருந்தும் தொகையை வேறு பதிவிலிருந்தும் எடுத்துவிட்டால், முழுவதும் கட்டியவருக்கு நிலுவை அறிவிப்புப் போகும். குடிநீர்க் கிணறுகளின் நீர்மட்டப் பதிவும் அவ்வாறே.

எதனை இனமாகக் கொள்வது என்பதைக் கணினி கூறாது. சலாப வணிகர் பத்துத் தட்டு வைத்தனர். இரண்டே வைத்திருந்தால் பெரியதும் சிறியதும் கலந்திருக்கும். இருநூறு வைத்திருந்தால் ஒவ்வொரு தட்டிலும் ஒரு முத்தே தங்கி, அதுவே அத்தட்டின் முதல் முத்து ஆகியிருக்கும். சிறந்த விவசாயியைத் தெரிந்தெடுக்க நிலவகையை இனமாகக் கொள்வது பொருந்தும். தெருவை இனமாகக் கொண்டால் ஏறத்தாழ எல்லோரும் பரிசு பெறுவர்.

பதிவு செய்வோர் கவனிக்க வேண்டிய சில சிறு செய்திகளும் உள. தொகைப் பத்தியை எண்ணாக அமைக்காமல் எழுத்தாக அமைத்துவிட்டால், கணினி முதலெழுத்தைப் பார்த்து 5200-ஐவிட 900 பெரிது என்று கூறும். தொகை எழுதாமல் வெறுமையாக விட்ட பதிவை, போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் ஆகிய மென்பொருள்கள் இறங்குமுக அடுக்கில் எல்லாவற்றிற்கும் முன்னே நிறுத்தும். விலையே கூறாதவர் முதலிடம் பெறுவார். மேலும், எவரும் கேட்காத இனத்திற்கு ஏலப் பதிவேட்டில் ஒரு பதிவும் இராதாகையால், அவ்வினம் விடைப் பட்டியலில் தலைகாட்டவே காட்டாது. ஆண்டு முழுவதும் குத்தகை போகாத புளியந்தோப்பு ஒன்று அங்கே இருப்பது எவர் கண்ணிலும் படாமற் போகும். ஆகவே, ஏலப் பதிவுகளிலிருந்து தொடங்காமல், ஊராட்சியின் சொத்துப் பட்டியலிலிருந்து தொடங்கி, அதனோடு ஏலப் பதிவுகளை இணைக்குமாறு கேட்க வேண்டும். அப்பொழுது புளியந்தோப்பின் பெயர் எழுதி, எதிரே வெற்றிடம் விட்டு, ஒரு பதிவு வரும்.