பிரிவுப் பாடலின் கூற்றும் களனும்: 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாடலின் ஒலிப்பதிவுகள்

ஆய்வுச் சுருக்கம்

டாலி பார்ட்டன் 1973இல் எழுதிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்னும் அமெரிக்கக் கன்ட்ரி பாடல், தொழில்வழிப் பிரிவு ஒன்றின்பொருட்டு எழுதப்பெற்றுப் பின்னர்க் காதற்பாடலாக உலகறிந்தது. சொற்கள் பெரிதும் மாறாதிருக்க, அதன் பொருள் எவ்வாறு மாறியது என்பதை வெவ்வேறு பாடகர்களின் ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டு, குறிப்பாக இறுதிச் சரணத்தைக் கையாண்ட முறையைக் கொண்டு, இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கன்ட்ரி இசை, ஒலிப்பதிவு, கூற்று, கேட்போர், களன், பிரிவு

முன்னுரை

தொல்காப்பியச் செய்யுளியல், எழுத்து, அசை, சீர் முதலியவற்றோடு கூற்று, கேட்போர், களன் ஆகியவற்றையும் செய்யுள் உறுப்புகளாக எண்ணுகிறது. கூறுபவர் யார், கேட்பவர் யார், கூறும் இடம் எது என்பனவும் செய்யுளின் பகுதியே என்பது இதனால் பெறப்படும். ஒரே பாடலைப் பலர் பாடிப் பதிவு செய்யும் இக்காலத்தில் இவ்வுறுப்புகள் புதிய பயன்பாட்டைப் பெறுகின்றன. மேற்குறித்த பாடல் இதற்குத் தக்க சான்றாகும்.

பாடல் பிறந்த சூழல்

டாலி பார்ட்டன் 1967 முதல் போர்ட்டர் வேகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடிவந்தார். தனித்து இயங்க விரும்பியபோது, தம்மை வளர்த்தவரிடம் விடைபெறுவதற்காக இப்பாடலை எழுதியதாக அவரே பல நேர்காணல்களில் கூறியுள்ளார். 1974இல் வெளிவந்த தனிப்பாடல் கன்ட்ரி தரவரிசையில் முதலிடம் பெற்றது. ஆயினும் பாடலுக்கு வெளியே அப்பிரிவு இணக்கமாக முடியவில்லை. ஒப்பந்தத்தை மீறியதாக 1979இல் வேகனர் வழக்குத் தொடர்ந்தார். அது நீதிமன்றத்திற்கு வெளியே தீர்க்கப்பட்டது.

பாடலில் வேகனரின் பெயரோ, தொழிலைப் பற்றிய குறிப்போ இல்லை. தான் உடனிருப்பது மற்றவருக்குத் தடையாகும் என்பதால் ஒருவர் பிரிந்து செல்கிறார் என்ற அளவே அதில் உண்டு. அகப்பாடல்களில் தலைமக்களின் பெயர் சுட்டப்படாமை, அவ்வுணர்வை எவர்க்கும் உரியதாக்குகிறது. இங்கும் பெயரின்மையே பாடல் கைமாறுவதற்கு வழிவகுத்தது எனலாம்.

உடைமை

எல்விஸ் பிரெஸ்லியும் இப்பாடலைப் பாட விரும்பினார். பாடலின் பதிப்புரிமையில் பாதியைத் தரவேண்டும் என்று அவருடைய மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் கேட்க, பார்ட்டன் மறுத்துவிட்டார். அன்றைய பெரும்புகழ்ப் பாடகரின் குரலை இழந்தாலும் உரிமை அவரிடமே நின்றது. பிற்காலப் பதிவுகளின் வருவாயில் அவருக்கு உரிய பங்கு கிடைத்ததற்கு இம்மறுப்பே காரணம்.

இறுதிச் சரணம்

பிரிபவர் மற்றவரை வாழ்த்தும் பகுதி மூன்றாம் சரணமாகும். பார்ட்டன் 1974ஆம் ஆண்டுப் பதிவில் இதனைப் பாடவில்லை, பேசுகிறார். இடையே உரைபோலப் பேசுவது கன்ட்ரி இசையில் வழக்கமான உத்தி. இசை தணிந்து குரல் பேச்சாகும்போது, கேட்போர் எதிரில் இருக்கும் ஒருவராகவே தோன்றுகிறார். விடைபெறுதலின் அணுக்கம் இதனால் நிலைபெறுகிறது.

லிண்டா ரான்ஸ்டாட் 1975இல் பாடிய பதிவில் இச்சரணம் இடம்பெறவில்லை. வாழ்த்து நீங்கவே பிரிவின் துயர் மட்டும் எஞ்சுகிறது.

1992இல் 'தி பாடிகார்ட்' திரைப்படத்திற்காக விட்னி ஹூஸ்டன் பாடியபோது, தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் முன்மாதிரியாகக் கொண்டது ரான்ஸ்டாட்டின் பதிவையே. இதனை அறிந்த பார்ட்டன், விடுபட்ட சரணத்தை அவருக்குத் தெரிவித்தார். ஹூஸ்டனின் பதிவில் அச்சரணம் மீண்டும் இடம்பெற்றது. ஆனால் பேச்சாக அன்று, பாட்டாக. கெவின் காஸ்ட்னரின் விருப்பப்படி பாடல் கருவியிசையின்றித் தனிக்குரலில் தொடங்குகிறது. சாக்ஸஃபோன் இசையை அடுத்து வாழ்த்துச் சரணம் வருகிறது. அதன்பின் ஒரு கணம் அமைதி. முரசு ஒலிக்க, சுருதி ஒரு முழுத்தொனி உயர்கிறது. பார்ட்டனிடம் தணிந்த குரலுக்கு இடமாயிருந்த சரணம், ஹூஸ்டனிடம் உச்சத்திற்கு ஏறும் படியாகிவிடுகிறது. ஒருவரிடம் சொல்லிய சொல் உலகறியக் கூறும் அறிவிப்பாகிறது. இப்பதிவு அமெரிக்கப் பொதுத் தரவரிசையில் 14 வாரங்கள் முதலிடத்தில் நின்றது.

1995இல் பார்ட்டன் வின்ஸ் கில் என்பவருடன் இணைந்து பாடிய பதிவில் கூற்று இருவர்க்கும் பகிரப்படுகிறது. பிரிபவர் யார், பிரியப்படுபவர் யார் என்ற எல்லை அங்கே மங்குகிறது.

களன் மாற்றம்

2012 பிப்ரவரியில் ஹூஸ்டன் மறைந்தார். நியூவர்க் நகரத் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு முடிந்து அவருடைய உடல் வெளியே கொண்டுசெல்லப்பட்டபோது அவர் பாடிய இப்பதிவே ஒலிபரப்பப்பட்டது. சொல்லும் குரலும் இசையும் 1992இல் பதிந்தவையே. ஆயினும், பிரிந்து செல்பவரின் கூற்று இறந்தவரின் கூற்றாகவும், கேட்போர் அவரை இழந்து நிற்போராகவும் மாறினர். காதற்பாடல் கையறுநிலைப் பாடலின் பணியைச் செய்தது.

முடிவுரை

இப்பாடலில் கூற்று பெயரின்றி அமைந்ததால் கேட்போரும் களனும் மாற இடம் ஏற்பட்டது. ஒரு சரணத்தைப் பேசுவது, விடுவது, பாடுவது என்னும் தெரிவுகளே ஒவ்வொரு பதிவின் பொருளையும் முடிவு செய்தன. எனவே பாடல் ஆய்வில் அச்சிட்ட வரிகளை மட்டும் மூலமாகக் கொள்வது போதாது. ஒவ்வொரு பதிவையும் தனிப் பாடமாகக் கொண்டு, சுவடிப் பாடவேறுபாடுகளை நோக்குவதுபோல் நோக்குதல் வேண்டும். பலர் பாடிப் பதிந்துள்ள தமிழ்ப் பாடல்களை ஆராய்வோர்க்கும் இம்முறை பயன்தரும்.