உயிரணுவின் இயல்பு

உடம்பினைக் கட்டிடத்திற்கு ஒப்பிடுதல் வழக்கு. அக்கட்டிடத்தின் செங்கல் யாதென வினவின், உயிரணு என்க. 1665ஆம் ஆண்டில் இராபர்ட் ஹுக் என்பார் தக்கைச் சீவலைப் பூதக்கண்ணாடியால் நோக்கி, தேனடை போன்ற அறைகளைக் கண்டு, அவற்றிற்குச் 'செல்' எனப் பெயரிட்டனர். 1839இல் ஷ்வான் என்னும் ஜெர்மானியர், விலங்குகளின் உடலும் அணுக்களால் ஆயதே என நிறுவினர்.

உயிரணு கண்ணுக்குப் புலப்படாது என்பர். ஆயினும், நாமக்கல்லினின்று வெளியூர்களுக்குச் செல்லும் கோழிமுட்டை ஒன்றனை உடைத்துப் பார்மின்! சேவலோடு கூடாத பெட்டை இட்ட அம்முட்டையின் மஞ்சட்கரு முழுவதும் ஒரே உயிரணுவாம். வெண்கருவும் ஓடும் பின்னர்ச் சேர்ந்த போர்வைகளே. மனித உயிரணுக்களோ மிகச் சிறியன. அவற்றுள் பெரியதெனப்படும் தாயின் கருமுட்டையும் ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கே ஆகும்.

மனித உயிரணுவின் பகுதிகள் பொதுவாக மூன்று. புறத்தே உள்ளது மென்சவ்வு. வேண்டுவன புகவும் வேண்டாதன நீங்கவும் அது வாயில் காக்கின்றது. அகத்தே உள்ளது உயிர்க்கூழ். அதன்கண் உணவினின்று ஆற்றலை விளைக்கும் மைட்டோகாண்ட்ரியாவும், புரதத்தை ஆக்கும் ரைபோசோமும் உள. ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்து 2009இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர், சிதம்பரத்திற் பிறந்த வெங்கடராமன் இராமகிருஷ்ணன் ஆவர். மூன்றாவது உட்கரு, அதனுள் 46 குரோமோசோம்களில் உடலின் அமைப்புக் கட்டளைகள் பொதிந்துள்ளன.

சேலத்து ஜக்கார்டு தறியினை நோக்குவாம். மேலே தொங்கும் அட்டைகளின் துளைகளே சேலையின் பூவேலையை ஆள்கின்றன. உட்கருவின் கட்டளை அவ்வட்டை, ரைபோசோம் தறி, புரதம் ஆடை. துளையொன்று பிழைப்பின் பூ சிதையுமன்றோ?

அதற்குச் சான்றொன்று காண்போம். செங்குருதியணு முதிருங்கால் தன் உட்கருவை நீக்கிவிட்டு, ஹீமோகுளோபின் என்னும் புரதத்தால் ஏறத்தாழ 120 நாள் உயிர்க்காற்றினை உடலெங்கும் சுமந்து செல்கின்றது. அப்புரதத்திற்குரிய கட்டளையில் குறித்த ஓரெழுத்து மாறி, அம்மாற்றம் தாய்வழியும் தந்தைவழியும் வந்து சேரின், உயிர்க்காற்றுக் குறையுமிடத்து வட்டவணு கதிரரிவாள்போல் வளைகின்றது. நுண்குழாய்களை அடைத்துப் பெருநோவும் சோகையும் விளைக்கின்றது. இந்நோய்க்குரிய கூற்றினை இந்தியாவில் 1952ஆம் ஆண்டில் லேமான், கட்புஷ் என்போர் நம் மேற்றிசையிலுள்ள நீலகிரி வாழ் மக்களிடையே கண்டு வெளியிட்டனர்.

பிழைபட்ட பிரதி ஒன்றே உடையோர் பெரும்பாலும் நலமாக வாழ்வர். ஆகலின், தாம் அதனைத் தாங்குதலை அறியார். அத்தகையார் இருவர் மணப்பின், பிறக்கும் ஒவ்வொரு மகவிற்கும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு இடமுண்டு. சிறு குருதிச் சோதனையொன்று இதனை முன்னரே அறிவிக்கும். 2023இல் இந்திய அரசு தொடங்கிய இயக்கம், 2047க்குள் இந்நோயை ஒழிக்கக் கருதி இச்சோதனையையே முதற்படியாகக் கொண்டுளது.

இந்நோய் சாபமன்று, குலத்தின் இழிவுமன்று, ஓரெழுத்தின் மாற்றமே. அட்டையின் பிழைக்கு ஆடையைப் பழிப்பார் உளரோ? கற்றோராகிய நாம் இவ்வுண்மையைச் சிற்றூர்தொறும் எடுத்துரைப்போமாக. சோதனைக்கு அஞ்சி நிற்பாரின் அச்சத்தை அகற்றுவோமாக.