ஆந்தூரியம் வாடுதா? தட்டைப் பாருங்க!

சிவப்பா, மெழுகு பூசின மாதிரி பளபளக்குமே, அதுதான் ஆந்தூரியம். நாம பூன்னு நினைக்கிற சிவப்புப் பகுதி உண்மையில் ஒரு இலை. நடுவில் குச்சி மாதிரி நிற்கிறதே, அதில்தான் பொடிப்பொடியாகப் பூக்கள் இருக்கின்றன.

கொலம்பியா, எக்குவடார் மழைக்காடுகளில் இது மரங்களைப் பற்றி வளரும் செடி. வேருக்கு ஈரத்தோடு காற்றும் வேணும். வெறும் செம்மண்ணில் வைத்து தினமும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிடும். தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, கொஞ்சம் மண்புழு உரம் போதும். விரலை ஒரு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்க. காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்க. ஜன்னல் வெளிச்சம் வேணும், உச்சி வெயில் ஆகாது. இருட்டு மூலையில் இலை வரும், பூ வராது.

ஊற்றிய தண்ணீரில் மிச்சம் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் தேங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள்தான். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் சரியாகாது, முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்க.

குழந்தைகள் இலையைக் கடித்தால் வாய் எரியும், வீங்கும். வாயைக் கழுவிவிட்டு 104-ல் ஆலோசனை கேளுங்க. மூச்சுவிடச் சிரமப்பட்டால் உடனே 108.