காட்டுத் தீயும் வானிலைச் செயற்கைக்கோள்களும்

செங்கற்பட்டு ஜில்லாவில் சம்பா அறுவடை முடிந்து தை மாதமும் கழிந்த பின், பனி குறைந்து வெயில் ஏறத் தொடங்குகிறது. ஏரிகளில் நீர் வற்றுகிறது. கரைகளிலும் புறம்போக்குகளிலும் முளைத்த புல் காய்ந்து சருகாகிறது. பொத்தேரி, காட்டாங்குளத்தூர், வண்டலூர், திருக்கழுக்குன்றம் முதலிய இடங்களைச் சுற்றியுள்ள புதர்க்காடுகளும், மாமல்லபுரம் கரையோரத்துச் சவுக்குத் தோப்புகளும் இக்காலத்தில் எளிதில் தீப்பற்றும் நிலையை அடைகின்றன. மாசி முதல் வைகாசி வரையிலுள்ள நான்கு மாதங்களே தமிழ்நாட்டில் காட்டுத் தீ மிகுதியாக உண்டாகும் காலமாகும். இத்தீயை ஆகாயத்திலிருந்து கண்டறிந்து தெரிவிக்கும் முறை நம் தேசத்தில் இருபது வருஷங்களுக்கு மேலாக நடைபெற்று வருகிறது. அம்முறை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதையும், நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அதனால் அடையத்தக்க பிரயோஜனத்தையும் இங்கு விவரிப்போம்.

இரு வகைச் செயற்கைக்கோள்கள்

உலகில் வானிலையைப் பார்ப்பதற்கென வெற்றிகரமாக அனுப்பப்பட்ட முதற் செயற்கைக்கோள் 1960ம் வருஷம் ஏப்ரல் 1ந் தேதி அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்ட டைரோஸ்-1 என்பதாகும். இந்தியாவுக்கு 1983ம் வருஷத்தில் ஏவப்பட்ட இன்சாட்-1பி முதல் இவ்வுதவி கிடைத்து வருகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2016ல் இன்சாட்-3டிஆர் என்பதும், 2024 பிப்ரவரி 17ந் தேதி இன்சாட்-3டிஎஸ் என்பதும் அனுப்பப்பட்டன. இவை பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திற்குச் சரியாகச் சுற்றுவதால், ஒரே இடத்தில் நிற்பவை போலத் தோன்றுகின்றன. ஆகையால் அரை மணிக்கு ஒரு படம் வீதம் இரவும் பகலும் நம் பிரதேசத்தை எடுத்தனுப்ப இவற்றால் முடிகிறது.

இரண்டாவது வகை, துருவத்துக்குத் துருவம் சுற்றி வருபவை. இவை ஏறக்குறைய 700 முதல் 850 கிலோமீட்டர் உயரத்திலேயே செல்வதால் நிலத்தை நுட்பமாகக் காண்கின்றன. ஆனால் ஓரிடத்தின் மேல் ஒரு நாளில் சில தடவைகளே கடக்கும். 1999ல் ஏவப்பட்ட டெர்ரா, 2002ல் ஏவப்பட்ட அக்குவா, 2011ல் ஏவப்பட்ட சுவோமி, 2017ல் ஏவப்பட்ட நோவா-20 முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. சுவோமியும் நோவா-20ம், பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டி ஒரு முறையும், நள்ளிரவு கழிந்து ஒன்றரை மணியை ஒட்டி ஒரு முறையும் கடக்குமாறு அமைக்கப்பட்டவை.

தீ தென்படும் விதம்

உஷ்ணமுள்ள பொருள் எதுவும் கண்ணுக்குப் புலப்படாத கதிர்களை வெளிவிடுகிறது. வெயிலில் காய்ந்த சாதாரண நிலம் பத்து மைக்ரான் அளவுள்ள அலைகளில் மிகுதியாகக் கதிர்விடும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எரியும் தீயோ பன்மடங்கு உஷ்ணமுள்ளதாகையால், மூன்று நான்கு மைக்ரான் அலைகளில் மிகப் பலமாகக் கதிர்விடுகிறது. இவ்விரு அலைகளிலும் ஒரே இடத்தைப் பார்த்து ஒப்பிட்டால், தீயுள்ள இடம் தனித்துத் தெரியும். இருட்டில் ஒரு குடிசை கண்ணுக்குத் தெரியாவிடினும் அதன் விளக்கு தொலைவிலிருந்து தெரிவது போல, படத்தின் ஒரு கட்டத்தில் சிறு பாகமே எரிந்தாலும் அக்கட்டம் முழுவதும் சூடாகப் பதிவாகிறது.

கட்டத்தின் அளவை விவசாயிகள் ஏக்கர்க் கணக்கில் அறிந்துகொள்வது நல்லது. சுவோமி முதலியவற்றிலுள்ள கருவியின் ஒரு கட்டம் 375 மீட்டர் சதுரம். அதாவது சுமார் 35 ஏக்கர். டெர்ரா, அக்குவாவின் தீ காட்டும் கட்டம் ஒரு கிலோமீட்டர் சதுரம். அது 247 ஏக்கர் ஆகும். இன்சாட்-3டிஆர் உஷ்ணத்தைப் பார்க்கும் கட்டமோ 4 கிலோமீட்டர் சதுரம். ஏறக்குறைய 3,950 ஏக்கர். ஆகவே அடிக்கடி பார்ப்பது பெரிய தீயையே காண்கிறது. நுட்பமாகப் பார்ப்பது எப்போதும் பார்ப்பதில்லை. மேகமூட்டத்தின் அடியிலுள்ள தீ இரண்டுக்கும் தெரியாது. ஏரி நீரில் வெயில் பட்டுத் தெறிக்கும் ஒளியும், செங்கற் சூளையும், ஆலைப் புகைபோக்கியும் சில வேளைகளில் தீயெனப் பதிவாவதும் உண்டு.

செய்தி வரும் வழி

டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004ம் வருஷம் முதல் இக்கோள்களின் தகவலைக் கொண்டு மாகாண வன இலாகாக்களுக்குத் தீச் செய்தி அனுப்பி வருகிறது. அட்சரேகை, தீர்க்கரேகைகளுடன் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. இலாகாவைச் சேராத பொது ஜனங்களும் இதற்குப் பதிவு செய்துகொள்ளலாம்.

எனினும் கோள் கடந்து, தகவல் ஆராயப்பட்டு, செய்தி வந்து சேர நேரமாகும். 2018ம் வருஷம் மார்ச் 11ந் தேதி தேனி ஜில்லாவின் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பற்றிய தீ, காற்றின் வேகத்தால் சரிவில் ஏறி, மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கீழேயுள்ள சுவாலை மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திச் சூடாக்குவதால், சரிவின் மேல்நோக்கித் தீ மிக விரைந்து ஓடும். அத்தகைய இடத்தில் சில நிமிஷங்களே உயிருக்கும் மரணத்துக்கும் இடையில் நிற்கின்றன; ஆகாயத்துக் கண்ணை நம்பிக் காத்திருப்பதற்கு அங்கே அவகாசமில்லை.

வானிலை அறிக்கையும் கடற்காற்றும்

தீயைக் காட்டுவதைவிடத் தீ பரவக்கூடிய நாளை முன்னறிவிப்பதிலேயே வானிலைக் கோள்களின் உபகாரம் பெரிது. மேகங்கள் நகர்வதைத் தொடர்ந்து பார்த்து மேல்காற்றின் வேகத்தையும் திசையையும் கணிக்கிறார்கள். வெவ்வேறு உயரங்களிலுள்ள உஷ்ணத்தையும் ஈரத்தையும் இன்சாட் கோள்களின் மற்றொரு கருவி அளக்கிறது. இக்கணக்குகள் யாவும் வானிலை அறிக்கைக்கு ஆதாரமாகின்றன. 2022 டிசம்பர் 9ந் தேதி நள்ளிரவை ஒட்டி மாமல்லபுரத்துக்கருகில் கரை கடந்த மாண்டஸ் புயலைக் கடலிலிருக்கும்போதே தொடர்ந்து கவனித்து எச்சரிக்க முடிந்ததும் இவ்வகையினாலேயே. புயலுக்கும் தீக்கும் சம்பந்தமில்லையென்று எண்ணலாகாது. 2016 டிசம்பர் 12ந் தேதி வீசிய வர்தா புயலில் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன. மாரியில் வீழ்ந்து அகற்றப்படாத கிளைகள் அடுத்த கோடையில் தீக்கு இரையாகக் காய்ந்து கிடக்கும்.

நம் பக்கத்துக்குரிய அபாயம் ஒன்றுண்டு. கோடையில் காலை வேளையில் தரைக்காற்று வீசும் நாட்களில், நடுப்பகலுக்குப் பின் கடற்காற்று திடீரெனப் புகுந்து திசையை மாற்றிவிடும். கரையோரத்தில் முன்னதாகவும், கடலிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் உள்ளேயிருக்கும் பொத்தேரி போன்ற இடங்களில் சற்றுத் தாமதித்தும் அது வந்து சேரும். காலையில் கிழக்கே சாய்ந்து எரிந்த வரப்புத் தீ, பிற்பகலில் மேற்கே திரும்பி, பக்கத்து வைக்கோற்போரிலோ காட்டின் ஓரத்திலோ பற்றிக்கொள்வது இதனால்தான். ஆகையால் காற்றின் திசையையும் ஈரப்பதத்தையும் அறிக்கையில் பார்க்காமல் கோடையில் எதற்கும் நெருப்பு மூட்டலாகாது. 2019ல் தொடங்கப்பட்ட மேகதூத் என்னும் கைப்பேசிச் செயலியில் இவ்விவரங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன.

படத்துப் புள்ளியும் வயலின் எல்லையும்

அறுவடைத் தாளை எரிப்பதையும் இக்கோள்கள் காண்கின்றன. டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் வட மாகாணங்களில் எரிக்கப்படும் நெல் தாளை இவ்விதமே கணக்கிட்டு வருகிறது. பஞ்சாபில் செப்டம்பர் 15 முதல் நவம்பர் 30 வரையிலான பருவத்தில் 2021ல் 71,304 ஆக இருந்த தீ நிகழ்ச்சிகள் 2024ல் 10,909 ஆகக் குறைந்ததாக அக்கணக்கு கூறுகிறது. டெல்லியையும் அதனை அடுத்த பகுதிகளையும் பொறுத்தவரை, 2024 நவம்பரில் அபராதம் இரட்டிப்பாக்கப்பட்டு, இரண்டு ஏக்கருக்குக் குறைந்தவர்களுக்கு 5,000 ரூபாயும், ஐந்து ஏக்கர் வரை 10,000 ரூபாயும், அதற்கு மேல் 30,000 ரூபாயும் என விதிக்கப்பட்டது. அவ்விதி நம் ஜில்லாவுக்கு உரியதன்று. ஆயினும் அதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றிருக்கிறது. கோள் கடக்கும் நேரத்துக்குப் பின் மாலையில் மூட்டிய தீ கணக்கில் வராமற் போகலாம். புள்ளி விழுந்த 35 ஏக்கருக்குள் எரித்தவர் ஒருவராகவும், எரிக்காதவர் பலராகவும் இருக்கலாம். ஆதலால் கிராம நிர்வாக அலுவலர் புள்ளியை மட்டும் வைத்து ஒரு சர்வே நம்பரின் மேல் குற்றஞ் சாற்றாமல், நேரில் சென்று சாம்பலைப் பார்த்த பிறகே எழுதுவது நியாயம்.

காட்டைப் பற்றிய மட்டில் சட்டம் பழமையானது. 1882ம் வருஷத்துக் காட்டுச் சட்டப்படி ஒதுக்குக் காட்டுக்குத் தீ வைப்பதும், அதற்கு அபாயம் நேரும்படி அருகில் நெருப்பு மூட்டுவதும் குற்றமாகும்.

கிராமத்தில் செய்யத்தக்கவை

தாளை எரிப்பதால் அதிலுள்ள தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் காற்றோடு போகிறது. இயந்திர அறுவடையில் சிதறிய வைக்கோலைக் கட்டு கட்டும் இயந்திரத்தால் சேர்த்து மாட்டுக்கு வைக்கலாம். எஞ்சிய தாளை ஈரமிருக்கும்போதே மடக்கி உழுதுவிடலாம். நவரை அறுவடை கடுங்கோடையில் வருவதால் அப்போது இது மிகவும் அவசியம்.

சவுக்குத் தோப்புடையவர்கள் மாசி மாதத்திற்குள் ஓரங்களில் பத்து அடி அகலத்துக்குக் குறையாமல் சருகை வாரி அகற்றி, வெறும் மண் தெரியும்படி வைக்க வேண்டும். வைக்கோற்போர்களை ஒன்றையொன்று ஒட்டாமலும், மின்கம்பிகளின் அடியில் அல்லாமலும் போட வேண்டும். காட்டையொட்டிய நிலத்தார் மாடு மேய்ப்போருக்கும் விறகு பொறுக்குவோருக்கும் பீடி நெருப்பைப் பற்றி எச்சரிக்க வேண்டும்.

தீயைக் கண்டவுடன் 101 அல்லது 112 என்ற எண்ணுக்கும், வனச்சரக அலுவலகத்துக்கும் தெரிவித்து, இடத்தின் அடையாளத்தையும் காற்றின் திசையையும் சொல்ல வேண்டும். சிறு புல்தீயைப் பச்சைத் தழைக் கொத்தால் பக்கவாட்டிலிருந்து அடித்து அணைக்கலாம். தீயின் முன்னிலையிலும், சரிவின் மேற்புறத்திலும் ஒருவரும் நிற்கலாகாது. கிராம நிர்வாக அலுவலர்கள் தங்கள் எல்லையிலுள்ள காட்டோரச் சர்வே நம்பர்களையும், தண்ணீர் கிடைக்கும் கிணறுகளையும், டிராக்டர் வைத்திருப்போர் பெயர்களையும் கோடைக்கு முன்னரே ஒரு ஜாபிதாவாக எழுதி வைத்திருந்தால், செய்தி வந்ததும் தேட வேண்டியிராது.

முப்பத்தைந்து ஏக்கருக்குள் எவ்விடத்தில் தீ இருக்கிறதென்று ஊரிலுள்ளவனே அறிவான். தீ சிறிதாயிருக்கும்போது முதலிற் காண்பவனும் அவனே. நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் வானிலை அறிக்கையைத் தினமும் கவனித்து, மேற்சொன்னவற்றை மாசி பிறக்குமுன் செய்து முடித்து, தங்கள் விளைச்சலையும் காட்டையும் காத்துக்கொள்வார்களாக.