பரிந்துரைக் கடிதமும் காலத்தாழ்வும்

தமிழ் நூல் மரபில் சிறப்புப்பாயிரம் என்பது ஒன்று உண்டு. நூலின் பெருமையை நூல் செய்தவனே எடுத்துரைத்தல் தகாது. அவனுடைய ஆசிரியரேனும், உடன் கற்றவரேனும், மாணாக்கரேனும், உரையாசிரியரேனும் அதனைக் கூறுதல் வேண்டும் என்று நன்னூல் விதிக்கின்றது. தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் தொல்காப்பியரோடு ஒருங்கு கற்றவர் என்பது மரபு. தன் புகழைத் தானே சொல்லுதற்குச் சில இடங்களில் மட்டும் நன்னூலார் இசைவு தருகின்றார். தன் ஆற்றலை அறியாதவரிடத்துச் சொல்லுதல் அவற்றுள் ஒன்று. கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதும் மாணவன் அவ்விடத்தில்தான் நிற்கின்றான். ஆயினும் அவன் தன்னைப்பற்றி எழுதுவது ஒருபுறம் இருக்க, அவனை நன்கு அறிந்த பிறர் ஒருவர் எழுதும் சொல்லுக்கே உலகம் செவி சாய்க்கும். பரிந்துரைக் கடிதம் பிறந்தது இதனாலேயாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இக்கடிதத்திற்குத் தனிமதிப்பு உண்டு. அங்கே பல கல்லூரிகள் மதிப்பெண்ணை மட்டும் நோக்கி இடம் அளிப்பதில்லை. பள்ளியின் மதிப்பெண் பட்டியல், மாணவர் எழுதும் கட்டுரை, பள்ளிக் கவுன்சலர் எழுதும் குறிப்பு ஆகியவற்றோடு, பாடம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் அல்லது இருவரின் கடிதத்தையும் வேண்டுகின்றன. 1975ஆம் ஆண்டில் 15 தனியார் கல்லூரிகள் கூடி, எல்லாவற்றிற்கும் ஒரே விண்ணப்பம் போதும் என்று ஓர் ஏற்பாடு செய்தன. அது காமன் அப்ளிகேஷன் எனப்படும். இன்று 1,000க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் சேர்ந்துள்ளன. மாணவர் தம் விண்ணப்பத்தை இணையத்தின் வழியே அனுப்புவார். ஆசிரியர் தம் கடிதத்தைத் தனியே, அதே வழியில், நேராகக் கல்லூரிக்கு அனுப்புவார். கடிதம் போய்ச் சேர்ந்ததா என்பதை மாணவர் காணலாம்; அதில் எழுதியது யாது என்பதைக் காணல் இயலாது. தம் கல்விக் குறிப்புகளைப் பார்வையிடும் உரிமையை 1974ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று மாணவர்க்கு அளித்துள்ளது. ஆயினும் பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தவரை பெரும்பாலோர் அவ்வுரிமையைத் தாமே விட்டுக்கொடுத்துக் கையொப்பமிடுவர். மாணவர் படிக்கமாட்டார் என்று தெரிந்தால் ஆசிரியர் மனம் திறந்து எழுதுவார் என்றும், அத்தகைய கடிதத்தைக் கல்லூரியார் மிகுதியாக நம்புவர் என்றும் கருதுவதே இதற்குக் காரணம்.

இத்தகைய கடிதம் என்ன செய்ய வல்லது என்பதற்குக் கணித மேதை இராமானுசன் வாழ்க்கை சான்றாகும். அவர் கல்லூரியின் எப்.ஏ. தேர்வில் தேறாதவர்; மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்தவர் எவரும் அவரை ஏற்றிரார். 1911ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டு, அவர் கணிதத்தில் அரிய ஆற்றலுடைய இளைஞர் என்று சான்று எழுதித் தந்தார். மறு ஆண்டில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. 1913இல் வானிலை ஆய்வறிஞர் கில்பர்ட் வாக்கர் பல்கலைக்கழகத்திற்கு எழுதிய கடிதத்தின் பயனாக, திங்கள்தோறும் 75 ரூபாய் உதவித்தொகையுடன் ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பும் வந்தது. பட்டியல் சொல்லாததைக் கடிதம் சொல்லிற்று.

இனிக் கடிதம் வாராமல் தாழ்க்கும் நிலையை நோக்குவோம். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் முன்கூட்டி விண்ணப்பிப்போர்க்கு நவம்பர் 1ஆம் நாளும், ஏனையோர்க்கு ஜனவரி 1ஆம் நாளை ஒட்டிய நாளும் இறுதி நாளாகும். அக்டோபர் இறுதி வந்துவிட்டது. மாணவி ஒருத்தி தன் பகுதி அனைத்தையும் அனுப்பிவிட்டாள். ஆசிரியரின் கடிதம் மட்டும் போகவில்லை என்று கொள்வோம். பல ஆண்டுகள் உழைத்துப் பெற்ற தகுதி பிறர் ஒருவர் கையில் அகப்பட்டு நிற்கின்றது. கேட்டால் ஆசிரியர் சினந்து கடிதத்தைச் சுருக்கி எழுதிவிடுவாரோ என்னும் அச்சம் ஒருபால். கேளாதிருந்தால் நாள் கடந்துவிடுமே என்னும் அச்சம் மற்றொருபால். அவளுக்கு உறக்கம் வாராமை வியப்பன்று.

முதற்கண் தாழ்வின் காரணத்தை அறிதல் நன்று. மாணவர் பலர் அதனைத் தம்மேல் உள்ள வெறுப்பாகக் கருதி வருந்துவர். அது பெரும்பாலும் பொருந்தாது. விரும்பப்படும் ஆசிரியர் ஒருவரிடம் ஒரே பருவத்தில் பல மாணவர் கடிதம் கேட்பர். பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்திய பின்னர் எஞ்சும் மாலைப்பொழுதிலும் விடுமுறை நாளிலும் அவர் அவற்றை எழுதுதல் வேண்டும். கவுன்சலர் நிலையும் இத்தகையதே. ஒருவருக்கு 250 மாணவர்க்கு மேல் இருத்தலாகாது என்று அவர்தம் சங்கம் பரிந்துரைத்தும், பெரும்பாலான மாநிலங்களில் அதனினும் மிகுதியாகவே மாணவர் உள்ளனர். சிலர் நீண்ட கடிதம் எழுதினாலன்றிப் பயனில்லை என்று எண்ணி நாளைக் கடத்துவதும் உண்டு. நீளம் வேண்டுவதில்லை என்பதற்கு ஒரு சான்று போதும். 1948ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜான் நாஷ் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பிற்கு விண்ணப்பித்தபோது, கார்னகித் தொழில்நுட்பக் கழகத்து ஆசிரியர் டஃபின் எழுதிய கடிதம் சில வரிகளே உடையது. இளைஞரின் பெயர், வயது, படிப்பு முடியும் காலம் ஆகியவற்றைக் கூறிவிட்டு, அவர் கணித மேதை என்று முடித்துவிட்டார். நாஷ் பிரின்ஸ்டனில் சேர்ந்தார். 1994இல் நோபெல் பரிசும் பெற்றார். டஃபின் போன்ற ஒருவர் சொன்னமையால் அச்சிறுமடல் நின்றது என்பதும் உண்மையே.

அன்பும் தாழ்வுக்குக் காரணமாதல் உண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வுபெறக் கருதியபோது, தம் இடத்தில் உ. வே. சாமிநாதையரை அமர்த்த விரும்பினார். ஐயரவர்கள் அப்பொழுது திருவாவடுதுறை மடத்தில் தமிழ் கற்பித்துவந்தார். மடத்தின் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகர்க்கு அவரைப் பிரிய மனம் வரவில்லை. செட்டியார் சினவாமல், நேரில் வந்து, ஐயரின் எதிர்கால நன்மையை எடுத்துக்கூறினார். தேசிகர் இசைந்து தகுதிச் சான்றும் தந்தார். 1880ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் ஐயர் அக்கல்லூரியில் பணி ஏற்றார். பெரியோரிடம் ஒன்றைப் பெற வேண்டியவர் எவ்வாறு அணுகவேண்டும் என்பதற்குச் செட்டியார் நடந்துகொண்ட முறையைக் காட்டலாம்.

தாழ்வு நேராமற் காத்தல் பெரும்பாலும் மாணவர் கையிலேயே உள்ளது. அமெரிக்கப் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு முடியும் தறுவாயிலேயே, கோடை விடுமுறைக்கு முன்னரே, ஆசிரியரை நேரிற் கண்டு கேட்டல் வழக்கம். அப்பொழுது, கடிதம் எழுத ஓய்வு உண்டா என்று கேட்பது முறை. எழுதித்தர வேண்டும் என்று கட்டளையிடுவது போன்ற சொல் கூடாது. இயலாதெனில் மறுக்க இடம் விட்டுக் கேட்டால், மனம் இன்றி ஒப்புக்கொண்டு பின்னர்த் தாழ்க்கும் நிலை நேராது. ஒப்புக்கொண்ட பின், கல்லூரிகளின் பெயரையும் இறுதி நாட்களையும் ஒரே தாளில் எழுதித் தருதல் வேண்டும். அவ்வாசிரியர் வகுப்பில் தாம் எழுதிய கட்டுரை எது, இடர்ப்பட்டுக் கற்ற பாடம் எது என்பனவற்றையும் சுருக்கமாகக் குறித்துத் தரலாம். நூற்றுவரைக் கற்பிக்கும் ஒருவர்க்கு இக்குறிப்பு பெருந்துணை. வெற்றுப் புகழ்ச்சிக்கு மாறாக நிகழ்ச்சியை எழுத அது வழிசெய்யும்.

இறுதி நாளுக்கு இரு வாரம் இருக்கும்போது ஒருமுறை நினைவூட்டல் இயல்பானது. எந்த ஆசிரியரும் அதனைத் தவறாகக் கொள்ளார். சொல்லும் வகைதான் இங்கே பெரிது. “ஏன் இன்னும் அனுப்பவில்லை?” என்பது குற்றச்சாட்டு. “நவம்பர் 1ஆம் நாள் தங்கள் கடிதம் சேர வேண்டியிருப்பதை நினைவூட்டவே எழுதினேன், குறிப்பு ஏதேனும் வேண்டுமாயின் இன்றே தருகின்றேன்” என்பது உதவி. இரண்டும் கேட்பது ஒன்றையே. அரசரைச் சேர்ந்து ஒழுகுவோர் நெருப்பினிடத்துக் குளிர் போக்குவார் போல, மிக நெருங்காமலும் மிக விலகாமலும் இருத்தல் வேண்டும் என்று திருவள்ளுவர் கூறிய உவமை இவ்விடத்திற்கும் ஏற்கும். நாள்தோறும் நினைவூட்டுதல் மிக நெருங்குதல். வாய்மூடி இருத்தல் மிக விலகுதல்.

ஒரு வாரமே எஞ்சியும் கடிதம் போகவில்லையெனில், நேரிற் சென்று மீண்டும் ஒருமுறை கேட்டபின், பள்ளிக் கவுன்சலரிடம் தெரிவித்தல் வேண்டும். இதனைக் கோள் சொல்லுதல் என்று கூசுவோர் உளர். அக்கூச்சம் வேண்டுவதில்லை, பள்ளியின் ஆவணங்கள் உரிய காலத்தில் சேர்தலைக் கவனிப்பது அவர் கடமைகளுள் ஒன்று. உடன் பணிபுரிவோர் என்னும் முறையில் அவர் சொல்லும் ஒரு சொல் மாணவரின் பத்துக் கடிதங்களினும் விரைந்து செல்லும். ஆசிரியர் நோயுற்றோ விடுப்பிலோ இருப்பின், வேறோர் ஆசிரியரை நாடவும் அவரே வழிகாட்டுவார். அவ்வாறு மாற்ற நேரின், முதலில் ஒப்புக்கொண்டவர்க்கு அதனைத் தெரிவித்தே மாற்றுதல் வேண்டும். ஒருவர் அரிதின் எழுதி முடித்த பின்னர்ப் பயனின்றிப் போவது அவர்க்குச் செய்யும் தீங்கு.

நாள் கடந்தே போயிற்றெனின் எல்லாம் முடிந்தது என்று தளர்தல் ஆகாது. இறுதி நாள் முதன்மையாக மாணவர் அனுப்பும் பகுதிக்கு உரியது. பள்ளியிலிருந்தும் ஆசிரியரிடமிருந்தும் வருவன சில நாள் பிந்தினும் பல கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும். விண்ணப்பங்கள் குவியும் அந்நாட்களில் அவற்றைப் பிரித்து அடுக்கவே அலுவலகத்தார்க்குக் காலம் தேவைப்படுகின்றது. ஆயினும் எல்லாக் கல்லூரிகளும் ஒரே நடைமுறை உடையன அல்ல. ஆகவே மாணவர் தாமே சேர்க்கை அலுவலகத்திற்கு நான்கு வரியில் எழுதிக் கேட்டல் வேண்டும்: தம் பகுதி அனுப்பியாயிற்று, ஆசிரியரின் கடிதம் தாழ்ந்துள்ளது, எந்நாள் வரை ஏற்கப்படும் என்பது போதும். ஆசிரியர்மேல் பழி கூறும் சொல் அதில் ஒன்றும் இருத்தலாகாது. படிப்பவர் எழுதியவரின் பண்பையும் அதில் அளப்பர்.

இத்தகைய நெருக்கடியில் சிலர் கடிதத்தைத் தாமே எழுதி ஆசிரியர் பெயரை இட்டுவிட எண்ணுவர். அது பொய்யாவணம். கண்டறியப்பட்டால், கிடைத்த இடமும் பறிபோகும். ஆசிரியரே, “நீயே எழுதிக் கொண்டுவா, கையொப்பம் இடுகின்றேன்” என்று சொன்னாலும், குறிப்புகளை மட்டும் தந்து, எழுதுதலை அவர்க்கே விடுவது தக்கது.

கடிதம் சென்று சேர்ந்தது என்று அறிந்த அன்றே, அது எத்தனை நாள் தாழ்ந்திருப்பினும், கையால் எழுதிய நன்றிமடல் ஒன்றை ஆசிரியர்க்குத் தருதல் அங்குள்ள நல்ல வழக்கம். இலையுதிர் காலத்தில் எழுதிய கடிதத்தின் விளைவு பலர்க்கு மார்ச்சுத் திங்களில்தான் தெரியவரும். அதற்குள் மாணவர் மறந்துவிடுவர், எழுதியவர் மறப்பதில்லை. தாம் எழுதிய மாணவி எந்தக் கல்லூரியில் சேர்ந்தாள் என்பதை அவளே வந்து சொல்லக் கேட்க அவ்வாசிரியர் தம் வகுப்பறையில் காத்திருப்பார்.