நீலச் சுடர் சுத்தமானதா?

ஆய்வுக்கூடத்தில் பன்சன் அடுப்பைப் பற்றவைக்கும்போது ஆசிரியர்கள் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு: மஞ்சள் சுடர் கரியைக் கக்கும், நீலச் சுடர்தான் முழுமையாக எரியும். அது சரிதான். போதிய ஆக்சிஜன் கிடைத்தால் மீத்தேன் முழுவதும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறிவிடுகிறது. ஆனால் நீங்கள் தேர்வில் எழுதும் அந்தச் சமன்பாட்டில் ஒரு பொருள் விடுபட்டிருக்கிறது. காற்றில் 78 விழுக்காடு இருக்கும் நைட்ரஜன்தான் அது.

நைட்ரஜன் எளிதில் எதனோடும் சேராது. அதன் இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகிக் கிடக்கின்றன. ஆனால் சுடரின் வெப்பநிலை ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பிடி தளர்ந்து, அது ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடாகிறது. பிறகு காற்றில் கலந்து நைட்ரஜன் டையாக்சைடாக மாறுகிறது. மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு இது. ஆஸ்துமா உள்ளவர்களை இது கூடுதலாகப் பாதிக்கும்.

மாசு எரிபொருளிலிருந்து வரவில்லை, காற்றிலிருந்தே வருகிறது என்பதைக் கவனியுங்கள். சிங்கப்பூர் வீடுகளுக்குக் குழாயில் வரும் நகர எரிவாயுவில் ஹைட்ரஜனும் மீத்தேனும் கலந்திருக்கும். சிலிண்டரில் இருப்பவை புரோப்பேனும் பியூட்டேனும். எதை எரித்தாலும் சுடர் சூடாக இருந்தால் விளைவு இதுதான். கரிமமே இல்லாத ஹைட்ரஜனை மட்டும் எரித்தாலும் நைட்ரிக் ஆக்சைடு உருவாகும்!

இதே வேதியியல் மின்நிலையத்திலும் நடக்கிறது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. மலேசியாவிலிருந்தும் இந்தோனீசியாவிலிருந்தும் குழாய் வழி வந்த எரிவாயுவோடு, 2013 முதல் ஜூரோங் தீவு முனையத்தில் கப்பலில் வரும் திரவ எரிவாயுவும் சேர்ந்துகொண்டது. ஆனால் மின்நிலையத்தில் சுடரைக் கண்காணிக்கப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். எரிவாயுவோடு கூடுதல் காற்றை முன்பே கலந்து எரித்தால் சுடரின் உச்ச வெப்பம் குறையும், நைட்ரிக் ஆக்சைடும் குறையும். சில நாடுகளின் நிலையங்களில் புகையில் அம்மோனியாவைச் செலுத்தி, வினையூக்கியின் மீது பாய்ச்சி, அதைத் திரும்பவும் நைட்ரஜனாக மாற்றிவிடுகிறார்கள். மிச்சம் உயரமான புகைபோக்கி வழியே போய்க் காற்றில் பரவுகிறது.

உங்கள் வீட்டு அடுப்புக்கு இவை எதுவும் இல்லை. சுடருக்கும் தோசை வார்ப்பவரின் மூக்குக்கும் இடையே அரை மீட்டர்தான் இருக்கும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் நைட்ரஜன் டையாக்சைடுக்கான ஆண்டுச் சராசரி வரம்பைக் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10ஆகக் குறைத்தது. ஒரு மணி நேரத்துக்கான வரம்பு 200. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கலிஃபோர்னியா வீடுகளின் அடுப்புகளை அளந்து 2022இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிறிய சமையலறையில் புகை உறிஞ்சியைப் போடாமல் சமைத்தால், அந்நாட்டின் வெளிக்காற்றுக்கான ஒரு மணி நேர வரம்பைச் சில நிமிடங்களிலேயே தாண்டிவிடலாம் என்று கண்டார்கள். எவ்வளவு எரிவாயு எரிகிறதோ அவ்வளவுக்கு மாசும் கூடியது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அடுப்புகளிலிருந்து வெளியேறிய மீத்தேனில் முக்கால் பங்குக்கும் மேல், அடுப்பு அணைந்திருந்த நேரத்தில் இணைப்புகளில் கசிந்தது!

நம் வீவக வீடுகளில் சமையலறைச் சன்னல் பெரும்பாலும் திறந்தே இருப்பது நல்லதாகப் போயிற்று. எனக்குக் கவலை தருவது புகைமூட்ட நாள்கள்தான். வெளிக்காற்றுக்குப் பயந்து எல்லாச் சன்னல்களையும் சாத்திவிட்டு, உள்ளே ஒரு மணி நேரம் அடுப்பை எரிக்கிறோம். அன்றைக்கு மட்டுமாவது மின்சாரச் சோற்றுப்பானையிலோ இண்டக்‌ஷன் அடுப்பிலோ சமையலை முடித்துக்கொள்ளலாம். புகை உறிஞ்சியையும் ஒருமுறை பாருங்கள். அதன் குழாய் வெளியே போகிறதா? சில வகைகள் எண்ணெயையும் வாசனையையும் வடிகட்டிவிட்டு, காற்றை அதே அறைக்குள் திருப்பி விடுகின்றன. வாயுக்களுக்கு அந்த வடிகட்டி பெரிய தடையில்லை.

“சார், மின் அடுப்புக்கும் எரிவாயுதானே எரிகிறது?” என்று நீங்கள் கேட்டால், ஆமாம். மூக்கருகே இருந்த மாசு புகைபோக்கிக்கு இடம் மாறுகிறது. நுரையீரலுக்கு அது பெரிய லாபம்தான். கரியமில வாயு மட்டும் தப்புவதில்லை. மீத்தேனின் மூலக்கூற்று நிறை 16, கரியமில வாயுவுக்கு 44. ஆகவே 1 கிலோ மீத்தேன் எரிந்தால் 2.75 கிலோ கரியமில வாயு. அதற்கு எந்த வடிகட்டியும் பொருத்தப்படுவதில்லை.

சிங்கப்பூரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. சென்ற மாத மின்கட்டண ரசீதை எடுத்து யூனிட்டை 0.4ஆல் பெருக்கிப் பாருங்கள். 400 யூனிட் என்றால் 160 கிலோ.