சங்கிலியின் நேர்மை

கடற்கரையூர்களில் இரும்பின் ஆயுள் குறுகியது என்பதை எவரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. திருகோணமலை லிங்கநகரில் ஒரு வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பார்த்தாலே போதும். மார்கழி மழையின் ஈரமும், ஆனி ஆடியில் வீசும் கச்சானின் புழுதியும், ஆண்டு முழுவதும் உப்புக் காற்றும் அதைத் தாக்குகின்றன. வண்டியின் பிற உறுப்புகளை வர்ணப்பூச்சுக் காக்கின்றது. சங்கிலிக்கோ எண்ணெயன்றி வேறு கவசமில்லை.

அச்சங்கிலியைப் பலர் நினைப்பது அது கழன்று விழும் நாளில்தான். ஓட்டத்தின்போது கழன்ற சங்கிலி பற்சக்கரத்தினருகே சிக்கிப் பின் சில்லைச் சட்டென நிறுத்திவிடக்கூடும். பிள்ளையைப் பின்னே ஏற்றிப் பள்ளிக்குச் செல்லும் தந்தைக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. ஆயினும், சங்கிலி முன்னறிவிப்பின்றி மோசம் செய்வது அரிது. அதன் மொழியை நாம் கேட்பதில்லை என்பதே உண்மை.

சுவிற்சர்லாந்திற் பிறந்து, இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் என்பவர், 1880ஆம் ஆண்டில் இன்றைய உருளைச் சங்கிலிக்கு உரிமை பெற்றார். ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஆணி, அதைச் சூழ்ந்த ஒரு குழல், அதன்மேற் சுழலும் ஓர் உருளை என்பதே அதன் அமைப்பு. சங்கிலி பற்சக்கரத்தில் ஏறி இறங்குந்தோறும் ஆணி குழலுக்குள் உராய்கின்றது. "சங்கிலி நீண்டுவிட்டது" என்று நாம் சொல்லும்போது, உண்மையில் நீண்டது இரும்பன்று. தேய்ந்தவை ஆணியும் குழலுமே. ஒரு மூட்டில் 0.1 மில்லிமீற்றர் தேய்ந்தாற்கூட, 110 மூட்டுகளில் அது 11 மில்லிமீற்றராகிவிடும்.

ஆகவே, முதற் கடமை தூய்மை. எஞ்சினை நிறுத்திய பின்னரே சங்கிலியைத் தொடவேண்டும். எஞ்சின் ஓடச் சங்கிலியைத் துடைப்பவர் விரலை இழக்க நேரிடும். மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் அழுக்கைத் துடைத்து உலர்த்தி, கீழ்ப்புறச் சங்கிலியின் உட்பக்கத்தில் கெட்டியான கியர் எண்ணெயை இடுதல் நன்று. சுழற்சியின் வேகம் அதை மூட்டுகளுக்குள் செலுத்தும். எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயில் உலோகத் துகள்கள் கலந்திருக்கும். அது தேய்வுக்குத் துணைபோகும். மழையில் நனைந்த நாளில் எண்ணெயிடத் தவறலாகாது.

இரண்டாவது கடமை தளர்வைச் சரிபார்த்தல். இரு பற்சக்கரங்களுக்கும் நடுவே, கீழ்ப்புறச் சங்கிலியை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவேண்டும். சிறிய வண்டிகள் பலவற்றுக்கு இவ்வசைவு 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை இருக்கலாம். வண்டியின் கைநூல் கூறும் அளவே முடிவானது. சில்லைச் சுழற்றி, சங்கிலி மிக இறுகும் இடத்திலேயே அளக்கவேண்டும். மிகத் தளர்ந்தால் சங்கிலி பல்லைத் தாண்டும். மிக இறுகினால் கியர்ப்பெட்டியின் பேரிங் கெடும்.

மூன்றாவதே பெரிதும் மறக்கப்படுவது. சங்கிலியை இறுக்குவோர் சிலர் ஒருபக்க நட்டை மட்டும் திருகிவிடுவர். அப்போது அச்சுச் சாய்ந்து, இரு பற்சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் நில்லாது போகின்றன. சங்கிலி பக்கவாட்டில் உராய்ந்து, பற்களின் ஒரு பக்கத்தைத் தின்னத் தொடங்கும். ஆதலால், அச்சு நட்டைத் தளர்த்தி, இருபுற நட்டுகளையும் சமமாகத் திருகி, இருபுறக் குறிகளும் ஒத்திருக்கின்றனவா என நோக்கவேண்டும். பின்பு வண்டியின் பின்னே குனிந்து, பின் பற்சக்கரத்திலிருந்து முன்னோக்கிச் சங்கிலி நூல்பிடித்தாற்போல் ஓடுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். அச்சை இறுக்கியபின் தளர்வையும் பிரேக்கையும் மறுபடி சோதித்தல் இன்றியமையாதது.

இத்தனையும் செய்தும் தேய்வு மிகுமாயின், மாற்றுவதே அறிவு. மூட்டுக்கு 12.7 மில்லிமீற்றர் அளவுள்ள சங்கிலியில் 20 மூட்டுகளின் நீளம் 254 மில்லிமீற்றர். அது 259ஐ எட்டினால் அதன் பணி முடிந்தது. அப்போது இரு பற்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றவேண்டும்; தேய்ந்த பல் புதிய சங்கிலியையும் விரைவிற் கெடுத்துவிடும்.

ஞாயிறு காலையில் அரைமணி நேரமும், ஒரு துணியும், சிறிது எண்ணெயும் போதும். உப்புக் காற்றை நாம் தடுக்க இயலாது. ஆயினும், சங்கிலியை நேராக வைத்திருத்தல் நம் கையிலேயே உள்ளது.